கணுக்காலில் படியும் இரும்பு

காலில் கருப்பு விழுந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த இடத்தில் என்பதுதான். தரையில் சம்மணம் போட்டு உட்காரும் வழக்கம் உள்ளவர்களுக்குப் புறக்கணுவில், அதாவது வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் மேல், தோல் கருத்துத் தடித்திருக்கும். வருடக்கணக்காகத் தரையில் உராய்ந்ததால் வந்த காய்ப்பு அது. அதனால் கேடு ஒன்றும் இல்லை. உள்கணுவுக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் சரிந்து மெலியும் இடத்தில் வரும் கருப்பின் கதை வேறு. தொடக்கத்தில் மிளகாய்த்தூளைச் சிந்தியது போலச் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும். மாநிறத் தோலில் இந்தக் கட்டம் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, காபி டிகாக்‌ஷன் சிந்திக் காய்ந்த கறையைப் போல ஒரு திட்டாகும். அந்த இடத்தில் முடி உதிர்ந்து, தோல் மினுமினுப்பாக இறுகி, மாலை நேரத்தில் அரிக்கும். கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தால் குழி விழும். இந்த இரண்டாவது கருப்பைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். அது தோலில் தெரிந்தாலும் தோலின் நோய் அல்ல என்பதும், அதைத் தோலிலேயே துடைத்து எடுக்க முயல்வது வீண் வேலை மட்டுமன்றி ஆபத்தும்கூட என்பதும் என் வாதம்.

இந்த வாதத்துக்கு நம் பேச்சுமொழியே ஒரு தடை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் குழாய்க்கு நூல்களில் சிரை என்று பெயர். பேச்சில் அது நரம்பு. சிரை வழியே மருந்து செலுத்தினால் ‘நரம்பு ஊசி’ போட்டார்கள் என்கிறோம். சிரை புடைத்து நெளிந்தால் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம். உணர்ச்சியைக் கடத்தும் உண்மையான நரம்புக்கும் அதே பெயர்தான். விளைவு என்னவென்றால், நரம்பு சுருட்டலால் கால் கடுக்கிறவர் ‘நரம்புத் தளர்ச்சி’க்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறார், உள்கணுவின் கருப்புக்குத் தனியாகக் களிம்பு தேய்க்கிறார். புடைத்த குழாயும் கருத்த தோலும் ஒரே கோளாறின் இரு முனைகள் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. ஆகவே இங்கே சிரை என்ற சொல்லையே பிடிவாதமாகப் பயன்படுத்துகிறேன்.

நிற்கும் மனிதனின் காலை ஒரு தண்ணீர்க் குழாயாக எண்ணிப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு இதயத்திலிருந்து கணுக்கால் வரை சுமார் 120 செ.மீ. உயரம். அசையாமல் நிற்கும்போது அந்த உயரம் முழுவதும் ரத்தம் ஒரு தூணாகக் கணுக்காலின் மேல் நிற்கிறது. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது, ரத்தமோ நீரைவிடச் சற்றே கனமானது என்று வைத்துக் கணக்குப் போட்டால், கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம் வருகிறது. ரத்தக் கொதிப்புக் கருவியில் நாம் பார்க்கும் அதே அளவுகோல்தான் இது. மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகக் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் பீறிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உடம்புக்கும் அதே விதி. இதில் அதிசயம் என்னவென்றால், ஆரோக்கியமான ஒருவர் நடக்கத் தொடங்கினால் இந்த 90 என்ற அளவு சில அடிகளிலேயே 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கெண்டைச் சதை ஒவ்வொரு அடியிலும் இறுகி, நடுவில் இருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மருத்துவர்கள் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது மிகையே இல்லை.

பிழிந்தால் மட்டும் போதாது. பிழிந்த ரத்தம் சதை தளர்ந்தவுடன் திரும்பிக் கீழே விழாமல் இருக்க வேண்டும். அதற்காகச் சிரையின் உள்ளே, மேல்நோக்கி மட்டும் திறக்கும் மெல்லிய மடல்கள் அமைந்திருக்கின்றன. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரிசியஸ் 1603இல் இந்த மடல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவை ரத்தத்தின் வேகத்தை மட்டுப்படுத்தவே இருக்கின்றன என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், கட்டுப் போட்ட கையை வைத்து மடல்களின் உண்மை வேலையைக் காட்டினார். அந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த சிரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு விரலால் அதன் கீழ்ப்புறத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் மேல்நோக்கி வழித்துவிடுங்கள். மேல் விரலை எடுத்த பிறகும், இடையில் மடல் இருந்தால் அந்தத் துண்டு வெறுமையாகவே இருக்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழ் விரலை எடுத்தவுடன் நிரம்பிவிடும். ரத்தத்துக்கு அங்கே ஒருவழிப் பாதைதான் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை.

காலின் மேல்சிரைகளில், அதாவது தோலை ஒட்டி ஓடும் சிரைகளில், இந்த மடல்கள் பழுதானால் ஒருவழிப் பாதை இருவழியாகிறது. பரம்பரை, வயது, பலமுறை கருவுறுதல், உடற்பருமன், முன்பு ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தது என்று பழுதுக்குக் காரணங்கள் பல. ஒரு மடல் மூடாமல் போனால் அதன் மேலுள்ள ரத்தத்தின் கனம் முழுவதும் அடுத்த மடலின் மேல் விழுகிறது. குழாய் அகல அகல அந்த மடலின் விளிம்புகளும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகின்றன. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்ற பிறகு, அந்த மனிதர் நடந்தாலும் கணுக்காலில் அழுத்தம் இறங்குவதில்லை. ஒரு நாளின் பதினாறு மணி நேரமும் உள்கணுவின் நுண்குழாய்கள் தாங்குவதற்கென்று அமையாத அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

நுண்குழாய்ச் சுவர் என்பது ஓரடுக்குச் செல்கள்தான். அழுத்தம் மிகும்போது செல்களுக்கு இடையிலான இடுக்குகள் அகல்கின்றன. முதலில் நீர் கசிகிறது. அதுதான் மாலை வீக்கம். பிறகு சிவப்பணுக்களே வெளியேறித் தோலுக்குள் விழுகின்றன. குழாய்க்கு வெளியே அவற்றுக்கு வாழ்வில்லை. துப்புரவு செய்யும் வெள்ளணுக்கள் வந்து அவற்றை விழுங்கி, ஹீமோகுளோபினைப் பிரித்துப்போடுகின்றன. அடிபட்ட கன்றல் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைவது இந்தப் பிரிப்பு வேலையால்தான். ஆனால் ஹீமோகுளோபினின் நடுவில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதில் வெளியே அனுப்புவதில்லை. ஒருமுறை மட்டும் நேர்ந்த கன்றலாக இருந்தால் அந்தச் சிறிதளவு இரும்பு மெல்ல ரத்தத்துக்கே திரும்பிவிடும். நாள் தவறாமல் கசிவு நடக்கும் கணுக்காலில் அதற்கு அவகாசம் இல்லை. எனவே இரும்பு, ஹீமோசிடெரின் என்ற பழுப்புத் துகள்களாகத் தோலிலேயே தேங்குகிறது. துருப்பிடித்த இரும்புக்கும் இந்தத் திட்டுக்கும் நிறம் ஒத்துப்போவதில் வியப்பில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே உலோகம்.

இது ஊகம் அல்ல. 1867இல் மாக்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மானிய நோய்க்கூற்றியலாளர், திசுவில் உள்ள இரும்பைக் கண்டுபிடிக்க ஒரு சாயமுறையைத் தந்தார். திசுச் சீவலின் மேல் அமிலத்தையும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடையும் விட்டால், இரும்பு உள்ள இடம் மட்டும் அடர்நீலமாகும். கட்டட வரைபடங்களுக்கு ஒரு காலத்தில் ‘புளூ பிரிண்ட்’ என்று பெயர் வரக் காரணமாயிருந்த அதே நீலம். உள்கணுக் கருப்பிலிருந்து எடுத்த சீவலை இப்படிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், தோலின் உள்ளடுக்கில் நீலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இன்னொரு சாட்சியும் உண்டு, அதை மருத்துவர்கள் தங்களை அறியாமலேயே உருவாக்குகிறார்கள். கெட்டுப்போன சிரைக்குள் மருந்தைச் செலுத்தி அதை மூடிவிடும் சிகிச்சைக்குப் பிறகு, சிலருக்கு அந்தச் சிரை ஓடிய வழியிலேயே ஒரு பழுப்புக் கோடு விழுகிறது. மூடப்பட்ட குழாயில் சிக்கிய ரத்தத்தின் இரும்பு தோலுக்கு வந்ததுதான் காரணம். தோலில் எந்த நோயும் இல்லாத இடத்தில், ரத்தம் வெளிவந்தது என்ற ஒரே காரணத்தால் அதே நிறம் தோன்றுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். துருவின் நிறம் செம்பழுப்பு என்றால், நம் கால்களில் அது ஏன் கருப்பாகத் தெரிகிறது? தேங்கிய இரும்பும், அதைத் தின்ன வந்த வெள்ளணுக்களும் தோலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி எங்கே இருந்தாலும் நம்முடையது போன்ற தோலில் மெலனின் என்ற கருநிறமி கூடுதலாகச் சுரக்கிறது. கொசுக்கடியும் பருவும் ஆறிய பிறகு கரும்புள்ளி நிற்பது இதனால்தான். ஆகவே உள்கணுவில் இரண்டு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன, கீழே இரும்பும் மேலே மெலனினும். வெளுப்பாக்கும் களிம்புகள் ஏன் தோற்கின்றன என்பதற்கு விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் சேர்க்கப்படும் ஹைட்ரோகுயினோன், மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. இரும்பை எந்த நொதியும் அங்கே தயாரிக்கவில்லை. அது குழாயிலிருந்து கசிந்து வந்தது. தடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

களிம்பு போட்டேன், அரிப்பு நின்றது, நிறமும் கொஞ்சம் குறைந்ததே என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய் அல்ல. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது அழற்சியை அடக்கும், அரிப்பை நிறுத்தும், மெலனினையும் சற்றுக் குறைக்கும். மருத்துவர் சொல்லி, எண்ணிச் சில நாட்களுக்குப் போட்டால் பயன் உண்டு. மாதக்கணக்கில் போட்டால் அது தோலை மெல்லியதாக்குகிறது. ஏற்கெனவே உள்ளிருந்து அழுத்தப்பட்டு, ஊட்டம் குறைந்து நிற்கும் தோல் அது. கட்டில் காலில் லேசாக இடித்துக்கொண்டாலே கிழிந்துவிடும் அளவுக்கு அதை இன்னும் மெலிதாக்குவது, ஆறாத புண்ணுக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும். நியோமைசின் கலந்த களிம்பும், நறுமணம் கூட்டிய எண்ணெயும், வீட்டில் அரைத்த பச்சிலையும்கூட இந்த இடத்தில் எச்சரிக்கைக்குரியவை. சிரைக் கோளாறு உள்ள கணுக்கால், உடம்பின் வேறெந்த இடத்தையும்விடத் தொடு ஒவ்வாமைக்கு எளிதில் இரையாகிறது. தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத வாசலினோ தடவி வறட்சியைப் போக்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எல்லோரும்தான் நிற்கிறார்கள், எல்லோருக்குமா கால் கருக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். நிற்பது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மடல்கள் நன்றாக இருப்பவர் நாள் முழுவதும் நின்றாலும் இரண்டு அடி நடந்தவுடன் அவருடைய அழுத்தம் இறங்கிவிடுகிறது. நடக்கும்போதும் இறங்காத அழுத்தம்தான் குற்றவாளி. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், நடக்கும்போது கால் சிரையின் அழுத்தம் 30க்குக் கீழே இறங்கியவர்களில் ஒருவருக்கும் இந்தக் கருப்பின் அடுத்த கட்டமான சிரைப்புண் இல்லை. அது 90க்கு மேலேயே நின்றவர்கள் அத்தனை பேருக்கும் புண் இருந்தது. இடைப்பட்டவர்களில் அழுத்தம் கூடக்கூடப் புண்ணும் கூடியது. அழுத்தத்தைக் குறைத்தால் நோய் தணிகிறதா என்பது இதைவிடக் கடுமையான சோதனை. பிரிட்டனில் 500 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், காலைக் கட்டி அழுத்தம் கொடுத்ததோடு கெட்ட மேல்சிரையை அறுவையால் நீக்கியவர்களில் ஓராண்டுக்குள் 12 விழுக்காட்டினருக்கே புண் திரும்பி வந்தது. கட்டு மட்டும் போட்டவர்களில் அது 28 விழுக்காடு. 2018இல் வந்த இன்னோர் ஆய்வில் 450 பேர் பங்கேற்றார்கள். சிரையை உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். இரண்டு ஆய்விலும் புண்ணுக்குப் போட்ட மருந்து வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. அதன் மேலே, புண்ணைவிட்டு வெகுதூரத்தில், தொடையிலும் முழங்காலிலும் ஓடும் குழாயைச் சரிசெய்ததுதான் தீர்மானித்தது.

ஆகவே உள்கணு கருத்தவர் கேட்டுப் பெற வேண்டிய முதல் பரிசோதனை, கால் சிரைகளுக்கான டாப்ளர் ஸ்கேன். வலியில்லாதது, ஊசியில்லாதது. நின்றபடி கெண்டையை அழுத்திவிட்டு, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். மேல்சிரையில் அரை விநாடிக்கு மேல் ரத்தம் கீழ்நோக்கி ஓடினால் மடல் பழுது. உலக அளவில் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரை நோய் வரிசையில் 0 முதல் 6 வரை படிகள் உண்டு. புடைத்த சிரை 2, வீக்கம் 3, நிறமாற்றம் 4, ஆறிய புண் 5, ஆறாத புண் 6. கருப்பு விழுந்த கால் நான்காம் படியில் நிற்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அழகுக் குறை என்று பலர் ஒதுக்கும் அந்தத் திட்டு, புண்ணுக்கு முந்திய நிறுத்தம்.

சிகிச்சையில் எளியது, பழையது, பலரும் வெறுப்பது அழுத்தக் காலுறை. கணுக்காலில் 20 முதல் 30 மி.மீ. பாதரசம் வரை வெளியிலிருந்து அழுத்தி, மேலே போகப்போகத் தளரும்படி நெய்தது. சென்னையின் மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டு திரிய முடியுமா என்ற ஆட்சேபத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. முடியாமல் கழற்றி அலமாரியில் வைத்தவர்கள் ஏராளம். முழங்கால் வரையிலான உறையே பெரும்பாலோருக்குப் போதும், தொடை வரை தேவையில்லை. காலையில் படுக்கையைவிட்டு இறங்குமுன், வீக்கம் வடிந்திருக்கும்போது மாட்ட வேண்டும், இரவு கழற்றிவிடலாம். நாள் முழுவதும் இயலாவிட்டால் நிற்கும் மணிநேரங்களுக்காவது போடுவது, போடாமல் இருப்பதைவிட மேல். ஒரு கண்டிப்பான விலக்கு உண்டு. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியே அடைபட்டிருந்தால், வெளியிலிருந்து அழுத்துவது விரல்களைக் கொன்றுவிடும். அதனால் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உறை தர வேண்டும். அந்த விகிதம் 0.5க்குக் கீழே என்றால் கூடவே கூடாது. நீரிழிவு நாட்பட்டவர்களிடம் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

சிரையை மூடும் சிகிச்சையைப் பற்றிய அச்சம் வேறு வகை. உடம்பிலுள்ள ஒரு குழாயை மூடிவிட்டால் ரத்தம் எந்த வழியே போகும்? காலின் ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை ஆழ்சிரைகளே தூக்கிச் செல்கின்றன. மடல் கெட்ட மேல்சிரை ரத்தத்தை மேலே கொண்டுசெல்லவே இல்லை, கீழேதான் கொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடுவது ஓட்டையை அடைப்பது. ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அதை முன்கூட்டியே அறியத்தான் ஸ்கேன். லேசராலோ ரேடியோ அலையாலோ உள்ளிருந்து சுட்டு மூடுவது இப்போது மரத்துப்போகும் ஊசியோடு முடிகிறது. பெரும்பாலோர் அன்றே நடந்து வீடு திரும்புகிறார்கள். இதய பைபாஸுக்கு அந்தச் சிரை பின்னாளில் தேவைப்படுமே என்பவர்களுக்கு, அகன்று நெளிந்துபோன சிரை பெரும்பாலும் அதற்கு உதவாது என்பதே பதில்.

இத்தனையும் செய்தால் கருப்பு போய்விடுமா? முழுவதும் போகும் என்று வாக்குத் தருபவரை நம்ப வேண்டாம். கசிவு நின்ற பிறகு புதிய இரும்பு சேராது. பழையது மாதங்களிலும் வருடங்களிலும் மெல்ல வெளிறும். பலருக்கு ஓரளவு நிழல் நின்றுவிடும். நிறம் போகவில்லை என்பதால் சிகிச்சை தோற்றது என்றாகாது. வீக்கமும் அரிப்பும் அடங்கி, தோல் இளகி, புண் வராமல் இருந்தால் அது வெற்றி.

காலில் வரும் எல்லா நிறமாற்றத்தையும் சிரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கால்விரல் மூட்டுகளும் கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து கருத்து, நாக்கு வழவழப்பானால் வைட்டமின் பி12 குறைபாட்டைத் தேட வேண்டும். முழு சைவ உணவுக்காரர்களிடம் இது அரிதல்ல, சத்தைக் கொடுத்தால் நிறம் திரும்பும். செருப்பு வார் படியும் கோட்டில் வெளுத்தால் ரப்பரில் உள்ள வேதிப்பொருள் காரணமாக இருக்கலாம். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்வில்லை என்றால் தொழுநோய்ச் சோதனை தேவை. உள்ளங்காலில் வளர்ந்துகொண்டே போகும் கரும்புள்ளியும், நகத்தின் அடியில் அகலும் கருங்கோடும் தோல் புற்றாக இருக்கக்கூடும், காத்திருக்கக் கூடாது. நீரிழிவுக்காரரின் விரல் நீலமாகவோ கருப்பாகவோ மாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மீண்டும் உள்கணுவுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் கருப்பில் ஒரு பகுதி மருத்துவமனைக்கு வெளியே தீர்மானமாகிறது. டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், வேலைநேரத்தின் முக்கால் பங்குக்கு மேல் நின்றோ நடந்தோ கழித்த பெண்கள் சிரைச் சுருட்டலுக்காக மருத்துவமனைக்கு வந்தது மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. ஜவுளிக்கடையின் அடுக்குகளுக்கு முன்னால் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்ணுக்கு இந்த எண் புதிய செய்தி அல்ல. கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தன. உங்கள் கடையில் வேலை செய்பவர்கள் இருந்தால், கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போடுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் அதில் உட்காரும்போது முகம் சுளிக்காதீர்கள்.